உடைந்த நீலக்கல்

1

எம்.எஸ். வலியத்தான் 2024 ஜூலை 17 அன்று மணிப்பாலில் காலமானார். அடுத்த சில நாட்களில் தமிழில் என் கண்ணில் பட்ட அஞ்சலிக் குறிப்புகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. மாவேலிக்கரையில் பிறந்தார், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அறுவை சிகிச்சை பயின்றார், நாடு திரும்பினார், திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரா நிறுவனத்தைக் கட்டியெழுப்பினார், இந்தியாவின் முதல் செயற்கை இதய வால்வை உருவாக்கினார், 2005இல் பத்ம விபூஷண் பெற்றார். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் ‘வால்வை உருவாக்கினார்’ என்ற அந்த இரண்டு சொற்களுக்குள் பத்து வருடத்துக்கும் மேலான உழைப்பு, கைவிடப்பட்ட மூன்று மாதிரிகள், ஒரு பொறியாளர் குழு, ஒரு செம்மறியாடு எல்லாம் சத்தமில்லாமல் புதைந்துகிடக்கின்றன.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு சொற்களைப் பற்றியது. ஒரு கண்டுபிடிப்பாளரின் வாழ்க்கையைத் தமிழில் எப்படி எழுதுகிறோம், எதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறோம், அதனால் வாசகர்களாக நமக்கு என்ன நஷ்டம் என்பதுதான் என் கேள்வி.

நான் மென்பொருள்காரன். எங்கள் வேலையில் சர்வர் விழுந்தால், எழுப்பி நிறுத்திய பிறகு ஓர் ஆவணம் எழுதியாக வேண்டும். அதற்குப் பெயரே ‘போஸ்ட்மார்ட்டம்’. எத்தனை மணிக்கு எது நின்றது, முதலில் எதைச் சந்தேகப்பட்டோம், அது ஏன் தப்பாகப் போனது, கடைசியில் காரணம் எது என்று வரிசையாக எழுதுவோம். யாரையும் திட்டக்கூடாது, யாரையும் புகழவும் கூடாது. இலக்கிய நயம் மருந்துக்கும் இருக்காது. ஆனாலும் அதைப் படித்துப் பழகியவனுக்கு நம்முடைய ‘சாதனையாளர் வரலாறுகள்’ உப்பில்லாத பண்டமாகத்தான் தெரிகின்றன.

2

முதலில் அந்தப் பொருளைப் பார்த்துவிடலாம். இதயத்தில் நான்கு வால்வுகள். ரத்தம் ஒரு பக்கம் போகலாம், திரும்பி வரக்கூடாது. அவ்வளவுதான் அவற்றின் வேலை. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை, வருடத்துக்கு மூன்றரைக் கோடி தடவைக்கு மேல் ஒரு வால்வு திறந்து மூட வேண்டும். பத்து வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 36 கோடியைத் தாண்டும். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நாங்கள் நள்ளிரவில் ‘மெயின்டனன்ஸ்’ என்று பலகை மாட்டிவிட்டுச் செய்கிற சில்லறை வேலைகளுக்கு அங்கே இடமே இல்லை. உடம்புக்குள் வைத்துத் தைத்த பிறகு அதில் ஒரு திருத்தம் செய்ய வேண்டுமென்றால் நெஞ்சை மறுபடியும் பிளக்க வேண்டும்.

சித்ரா வால்வு ‘சாயும் வட்டு’ வகையைச் சேர்ந்தது. ஓர் உலோக வளையம். அதிலிருந்து நீளும் இரண்டு கம்பிவளைவுகளுக்கு நடுவே ஒரு வட்டத் தகடு. ரத்தம் தள்ளும்போது தகடு சாய்ந்து வழிவிடும்; ரத்தம் பின்வாங்கும்போது படுத்து மூடிக்கொள்ளும். வளையத்தைச் சுற்றி, தையல் போடுவதற்காக ஒரு பாலியஸ்டர் துணிப்பட்டை. கையில் வைத்துப் பார்த்தால் பழைய பாட்டில் மூடி அளவுதான் இருக்கும்.

இதை இங்கேயே செய்ய வேண்டும் என்று ஓர் அறுவை மருத்துவருக்கு ஏன் தோன்றியது? அவர் மேசைக்கு வந்த நோயாளிகள்தான் காரணம். வெளிநாட்டில் வால்வு மாற்றிக்கொண்டவர்களில் கணிசமானோர் வயதானவர்கள். இங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் கல்யாணமாகிப் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் வந்தார்கள். இறக்குமதி வால்வு இருந்தது. அதன் விலை அவர்கள் வீட்டு வரவுசெலவுக்குள் வரவில்லை.

வலியத்தானின் மற்ற முடிவுகளெல்லாம் இந்த ஒரு நெருக்கடியிலிருந்து பிறந்தவை என்றே வாசிக்கிறேன். மருத்துவமனையையும் பொறியியல் பட்டறையையும் ஒரே நிறுவனத்தின் கீழ் வைத்தார். பூஜப்புரையில், திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த சாட்டல்மண்ட் அரண்மனையில் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இயங்கத் தொடங்கியது. 1980இல் நாடாளுமன்றச் சட்டம் ஸ்ரீசித்திராவை தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. ரத்தப் பை அங்கே உருவாகி, தொழிற்சாலைக்குப் போனது. வால்வும் அங்கேதான் உருவானது. உலோகம் அறுப்பவரும் நெஞ்சை அறுப்பவரும் ஒரே உணவகத்தில் டீ குடிக்கிற ஏற்பாடு அது. இந்த ஏற்பாட்டைத்தான் நான் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு என்பேன். அஞ்சலிக் குறிப்புகளில் இது ‘நிறுவனத்தைக் கட்டியெழுப்பினார்’ என்று தேய்ந்துவிடுகிறது.

3

இப்போது அந்த மூன்று மாதிரிகள்.

முதல் மாதிரியில் கம்பிவளைவை வளையத்தோடு பற்றவைத்திருந்தார்கள். பற்றவைத்த இடத்தில் உலோகம் நொறுங்கும் தன்மை அடைந்து, கம்பி முறிந்தது. சரி, பற்றவைப்பே வேண்டாம், வளையத்தையும் கம்பியையும் ஒரே உலோகக் கட்டியிலிருந்து கடைந்து எடுப்போம் என்று முடிவானது. இரண்டாவது மாதிரி டைட்டானியத்தில் வந்தது. வட்டுக்குச் செயற்கை நீலக்கல். ஒற்றைப் படிகம், கடினத்தில் வைரத்துக்குப் பக்கத்தில் நிற்பது. அது உரசி உரசி டைட்டானியம் தேய்ந்தது. மூன்றாவதில் உலோகத்தை மாற்றினார்கள். விமான என்ஜின்களுக்குப் பயன்படும் ஹேய்ன்ஸ்-25 என்ற கோபால்ட் கலப்புலோகம். வட்டு அதே நீலக்கல். சோதனைக் கருவியில் தாங்கியது. செம்மறியாட்டின் இதயத்தில் பொருத்தினார்கள். அங்கே, உயிருள்ள உடம்புக்குள், நீலக்கல் உடைந்தது.

அந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கருவி பாஸ் போட்ட பொருள் அது. எங்கள் மொழியில் சொன்னால் எல்லா டெஸ்ட்டும் பச்சை. ‘ஏதோ ஒரு ஆட்டுல ஒடஞ்சுது, அந்தக் கல்லுல மட்டும் குறை இருந்திருக்கும், அடுத்ததுக்குப் போவோம்’ என்று சொல்வதற்கு எல்லா வசதியும் இருந்த இடம். பணம் செலவாகிவிட்டது, வருடங்கள் போய்விட்டன. அங்கே அவர்கள் நீலக்கல்லையே தூக்கிப்போட்டார்கள்.

நான்காவது மாதிரியின் வட்டு பிளாஸ்டிக். மிக அதிக மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன். செயற்கை மூட்டுகளில் வைக்கிற அதே ரகம். மெத்தென்று மோதும், உடையாது. வட்டு ஓரிடத்தில் மாட்டிக்கொள்ளாமல் மெல்லச் சுழன்றுகொண்டே இருப்பதால் தேய்மானம் ஒரே புள்ளியில் விழாது, பரவிவிடும். 1990 டிசம்பரில் முதல் முறையாக ஒரு மனிதருக்கு அது பொருத்தப்பட்டது. பின்னர் 306 நோயாளிகளைக் கொண்ட பன்மைய ஆய்வு நடந்தது. சென்னையின் டிடிகே குழுமம் உற்பத்தியை எடுத்துக்கொண்டது. இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இதன் கதைவடிவத்தைக் கவனியுங்கள். நாம் பழகிய கதையில் நாயகன் மண்ணில் தொடங்கி மணிமுடியில் முடிப்பான். இங்கே அழகான நீலக்கல்லில் இருந்து பார்வைக்கு அற்பமான பிளாஸ்டிக் தகட்டுக்கு இறங்கி வருகிறார்கள். அந்த இறக்கம்தான் வெற்றி. ‘உலகத்தரம்’, ‘வல்லரசு’ போன்ற சொற்களை வைத்துக்கொண்டு இந்தக் கதையை எழுதவே முடியாது. ஆகவே மூன்று மாதிரிகளையும் விட்டுவிட்டு நான்காவதை மட்டும் எழுதுகிறோம்.

இன்னொன்று. வால்வின் உருவாக்கத்தை விவரிக்கும் ஆய்வுக்கட்டுரை 1996இல் இதய வால்வு நோய்க்கான ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. அதில் ஐந்து பெயர்கள். முதல் பெயர் பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வர். வலியத்தான் பெயர் கடைசி. மருத்துவ ஆய்வுலகில் கடைசிப் பெயருக்கு மூத்தவர் என்று பொருள், அது தனி மரியாதை. இருந்தாலும் ஐந்து பேர் எழுதிய பிரதி நம் வழக்கில் ஒருவருடையதாகச் சுருங்கிவிட்டது. அதை அவர் செய்யவில்லை; படிக்கிற நாம் செய்தோம்.

4

‘நம் ஊரில் தோல்வியை எழுதவே மாட்டார்கள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ‘அக்னிச் சிறகுகள்’ இருக்கிறதே. பள்ளி ஆண்டு விழாப் பரிசாக நம்மில் பாதிப் பேர் வீட்டில் இருக்கும் புத்தகம். அதில் அப்துல் கலாம் எஸ்.எல்.வி-3இன் முதல் ஏவுதல் 1979 ஆகஸ்ட் 10 அன்று தோற்றதை மறைக்காமல் எழுதுகிறார். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. நைட்ரிக் அமிலம் கசிந்து போனது. ராக்கெட் கடலில் விழுந்தது. கவனித்தீர்களா, அங்கேயும் மூடாத வால்வுதான். இரண்டும் திருவனந்தபுரத்துக் கதைகள். காலமும் ஏறக்குறைய ஒன்று. தும்பாவில் ஒரு வால்வு, பூஜப்புரையில் ஒரு வால்வு.

ஆனால் மேடைகளில் அந்தக் கதை எப்படிச் சொல்லப்படுகிறது? தோல்வியின்போது சதீஷ் தவான் பத்திரிகையாளர் முன் நின்று பொறுப்பேற்றார், அடுத்த ஆண்டு வெற்றியின்போது கலாமை முன்னால் அனுப்பினார் என்ற தலைமைப் பண்புக் கதையாக. அருமையான கதை, எனக்கும் பிடிக்கும். அதில் வால்வு மட்டும் இல்லை. தோல்வியைக் குணச்சித்திரமாக மாற்றிவிட்டால் அதன் பொறியியல் ஆவியாகிவிடும். கேட்கிற மாணவனுக்கு ‘தோல்வியைக் கண்டு துவளாதே’ என்ற வாசகம் கிடைக்கும். ஒரு தோல்வியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்ற பாடம் கிடைக்காது.

மேற்கிலும் இதே நோய் உண்டு, வேறு வடிவில். அங்கே அதன் பெயர் தற்செயல். உடம்புக்குள் வைக்கும் பேஸ்மேக்கரை உருவாக்கியவர்களில் ஒருவரான வில்சன் கிரேட்பேட்ச், இதய ஒலியைப் பதிவுசெய்ய ஒரு சுற்று அமைத்துக்கொண்டிருந்தபோது தவறான ரெசிஸ்டரை எடுத்து மாட்டினார், சுற்று இதயம்போலத் துடித்தது என்பது புகழ்பெற்ற கதை. ரெசிஸ்டர் கதை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு உடம்பின் ஈரம் உள்ளே புகாமல் எப்படி அடைப்பது, பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோவதை எப்படிச் சமாளிப்பது என்று அவர் வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார். லித்தியம் பேட்டரி வரை அது நீண்டது. அந்தப் பகுதியை யாரும் மீம் போடுவதில்லை.

ஸ்வீடனின் ஆர்னே லார்சனை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 1958 அக்டோபரில் உலகிலேயே முதன்முதலாகப் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர். அந்த முதல் கருவி சில மணி நேரத்தில் நின்றது. அவர் வாழ்நாளில் மொத்தம் 26 பேஸ்மேக்கர்கள். கருவியைச் செய்த எல்ம்க்விஸ்டும் பொருத்திய சென்னிங்கும் போன பிறகும் இருந்து, 2001இல்தான் இறந்தார். என்னைக் கேட்டால் பேஸ்மேக்கரின் வரலாற்றை அவர் உடம்பின் வழியாகத்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு வெர்ஷனும் அவருக்கு ஒரு வெட்டு.

5

விட்டுப்போன தோல்விகள் வெறும் எழுத்துப் பிரச்சினைதானே, அதனால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். பியோர்க்-ஷைலி வால்வின் கதை அதற்குப் பதில்.

அதுவும் சாயும் வட்டு வகைதான். 1979இல் சந்தைக்கு வந்த அதன் குவி-குழி மாதிரி, 1986இல் திரும்பப் பெறப்படும்வரை உலகெங்கும் சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. அதில் வெளிப்பக்கக் கம்பி வளையத்தோடு பற்றவைக்கப்பட்டது. ஆம், சித்ராவின் முதல் மாதிரியைக் கொன்ற அதே இடம். கம்பி முறிந்தால் வட்டு கழன்று ரத்தத்தோடு போய்விடும். நூற்றுக்கணக்கானவர்களுக்கு அப்படி முறிந்தது. பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

முறிவைவிட எனக்குத் திகிலூட்டியது காகிதம். கம்பியில் தெரிந்த விரிசல்களை மறுபடி பற்றவைக்காமல் பாலிஷ் போட்டு மறைத்ததும், வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு பற்றவைப்பாளரின் பெயரில் பதிவேட்டில் வேலை நடந்ததாக எழுதப்பட்டதும் பிறகு வெளியே வந்தன. 1990இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் அறிக்கை இதை விசாரித்தது. அதன் தலைப்பைத் தமிழில் ‘கற்றுக்கொண்டே சம்பாதி’ என்று சொல்லலாம். ஒரு நிறுவனத்தின் மொத்தக் கதையையும் இரண்டு சொல்லில் விமர்சித்த தலைப்பு.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓர் இடத்தில் பற்றவைப்பு முறிந்தது, பட்டறையிலேயே முறிந்தது, எழுதினார்கள், பற்றவைப்பையே கைவிட்டார்கள். இன்னோர் இடத்தில் விரிசல் தெரிந்தது, பதிவேடு பளபளப்பானது, வால்வு மனித உடம்புக்குள் போனது. அறிவில் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. பதிவேட்டில் இருந்த நேர்மைதான் வித்தியாசம். கண்டுபிடிப்பாளர் வரலாறு எழுதுகிறவர் தோல்விகளை நீக்கும்போது அவரும் அந்தப் பதிவேட்டைத்தான் கொஞ்சம் பாலிஷ் போடுகிறார்.

6

இதையெல்லாம் டோல்கேட்டில் உட்கார்ந்துகொண்டு நான் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

இந்த வால்வை அதிகம் தேவைப்பட வைக்கும் நோயின் பெயர் ருமாட்டிக் இதய நோய். தொடங்குவது தொண்டைவலியில். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி குழந்தையின் தொண்டையைத் தாக்கும். அதை எதிர்க்கக் கிளம்பும் உடம்பு, ஆள் தெரியாமல் தன் இதய வால்வையே அடித்துவிடும். வருடங்கள் கழித்து மூச்சு வாங்கும். ஒரே அறையில் ஆறு பேர் படுத்துத் தூங்குகிற வீடுகள், தொண்டைவலிக்கு யாரும் டாக்டரிடம் போகாத வீடுகள், இவைதான் அதற்குப் பிடித்த இடம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை அப்படிப்பட்ட வீடுகளை நான் வரைபடம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை இதய அறுவை சிகிச்சைக்குப் பேர்போனது. 1975இல் இந்தியாவின் முதல் பைபாஸ் அங்கேதான் நடந்தது. வடசென்னையில் ‘ஹார்ட்டு ஆப்ரேசன்’ என்பது யாரோ எங்கோ செய்துகொள்வது கிடையாது.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். மைட்ரல் வால்வு மாற்றிப் பல வருடம் ஆகிறது, சித்ரா வால்வு. ஒருமுறை கேட்டேன், உள்ளே சத்தம் கேட்குமா என்று. “லாரி சத்தம் ஓஞ்சா மெதுவா கேக்கும் தம்பி. எங்க ஓயுது?” என்றார். துறைமுகத்துக்கு வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகளைச் சொன்னார்.

அவரிடம் ஒரு பழைய டைரி இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை. உலோக வளையத்தில் ரத்தம் கட்டிவிட்டால் பக்கவாதம் வரலாம்; மாத்திரை கூடினால் உள்ளுக்குள் ரத்தம் கசியலாம். ஆகவே அடிக்கடி ரத்தம் எடுத்து ஐஎன்ஆர் பார்க்க வேண்டும். அந்த எண்களெல்லாம் டைரியில். பக்கத்தில் அவர் கையெழுத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள்: எந்த வாரம் கீரை அதிகமாகச் சாப்பிட்டார், எந்தக் கல்யாணத்துக்குப் போய் மாத்திரை விட்டுப்போனது, எப்போது பல் பிடுங்கினார். கீரைக்கும் ரத்தம் உறைவதற்கும் உள்ள சம்பந்தம் வைட்டமின் கே. அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது, கணக்கு தெரியும். “ரெண்டரைக்கும் மூணரைக்கும் நடுவுல இருக்கணும். இல்லன்னா டாக்டரு திட்டுவாரு.”

சித்ரா வால்வைப் பற்றிப் புவனேஸ்வர் குழு எழுதிய ஆய்வுக்கட்டுரைக்கு அடுத்த அத்தியாயம் இந்த டைரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டறையில் செய்த அதே வேலையை அக்கா சமையலறையில் தொடர்கிறார்: கவனிப்பது, எழுதி வைப்பது, தப்பியதைத் தப்பியது என்று ஒப்புக்கொள்வது. கண்டுபிடிப்பாளரோடு முடிந்துவிடும் வரலாறுகளில் இவருக்கு இடமில்லை. ‘பயனாளி’ என்று ஒரு சொல், அதோடு சரி.

துதிபாடும் வரலாறுகளால் சொல்ல முடியாத இன்னும் இரண்டு உண்மைகள் உண்டு. ஒன்று: சாயும் வட்டு பழைய தலைமுறைத் தொழில்நுட்பம். உலகம் பெரும்பாலும் இரண்டு இதழ் கொண்ட கார்பன் வால்வுகளுக்குப் போய்விட்டது. சித்ரா உலகின் மிகச் சிறந்த வால்வு என்று சொல்வது அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது. வாங்கக்கூடிய விலையில், நம்பக்கூடிய உழைப்போடு வந்த வால்வு. அதுவே பெரிய சொல். இரண்டு: வால்வு கடைசி வரி. முதல் வரி தொண்டைவலி வந்த பிள்ளைக்குப் போடும் பெனிசிலின் ஊசி. நோய் ஒருமுறை வந்த பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, வருடக்கணக்கில் அந்த ஊசி போய்ச்சேர வேண்டும். அதைக் கொண்டுசேர்க்கிற கிராம, நகர சுகாதாரச் செவிலியருக்கு யாரும் வாழ்க்கை வரலாறு எழுதுவதில்லை. எழுத வேண்டிய நேரம் இது.

7

வலியத்தான் கடைசிக் காலத்தில் சரகர், சுஸ்ருதர், வாக்படர் மூவரையும் பற்றித் தனித்தனி நூல்கள் எழுதினார். சிலர் இதை ‘வேர்களுக்குத் திரும்பினார்’ என்று கொண்டாடினார்கள், சிலருக்குக் கூச்சமாக இருந்தது. எனக்கு அதில் பழைய பட்டறைப் பழக்கம்தான் தெரிகிறது. ஆயுர்வேதம் சரியா தப்பா என்று வெளியே நின்று கட்சி கட்டாமல், மூலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று போய்ப் பார்க்கிற ஆள். அவரைப் பற்றி எழுதுகிறவர்களும் அந்தப் பழக்கத்தைக் கைக்கொண்டிருக்கலாம்.

தமிழில் யாராவது அவர் வாழ்க்கையை எழுதப் போகிறீர்கள் என்றால் ஒரு யோசனை. மாவேலிக்கரையில் தொடங்காதீர்கள். மூன்றாவது மாதிரியில் தொடங்குங்கள். நீலக்கல் உடைந்து, ஆட்டின் நெஞ்சைத் திறந்து பார்த்த பிறகு, அடுத்த நாள் காலை அந்த ஐந்து பேரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் பேசியது யார், நீலக்கல்லை விட மனசில்லாமல் வாதாடியது யார், பிளாஸ்டிக் என்று முதலில் சொன்னபோது யார் சிரித்தது என்று விசாரியுங்கள். இரண்டாவது அத்தியாயத்துக்கு டோல்கேட் வாருங்கள். அக்கா டைரியைக் காட்டுவார், காபியும் கிடைக்கும்.